கழுத்துப் பட்டை இல்லாத வெள்ளை ஸ்வெட்டர்

அன்புள்ள பொம்மிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன், இந்தத் தடவை பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. உன் போட்டோ வந்து இருபது நாள் ஆகிறது, அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, ஷிப்டுக்கு நேரமாச்சும்மா, நல்லாத்தான் இருக்கேன், வச்சிடட்டுமா என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பார். உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், கோபம் வந்தால் திட்டிக்கொள், பாதியில் மடித்து மட்டும் வைத்துவிடாதே.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவின் பெயிண்ட் கடையில் பழைய கலர் மிஷினைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார்கள். பட்டனைத் தட்டினால் அதுவே துளித் துளியாகச் சாயம் விட்டுக் குலுக்கியும் கொடுத்துவிடுகிறதாம். அப்பாவுக்கு அதன்மேல் துளி நம்பிக்கை கிடையாது, அது கலந்ததையும் ஒரு அட்டையில் தடவி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் டின்னை மூடுகிறார். போன வாரம் ஒருத்தர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, ஹாலுக்கு இந்தக் கலர்தான் வேணும், இம்மிகூட மாறக்கூடாது என்றாராம். அப்பா கலக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பிஸ்கட்டைக் காணோம், அவரோடு வந்த குழந்தை தின்றுவிட்டது. இனிமே எதை வச்சு ஒத்துப் பார்க்கிறது, குழந்தையோட வயித்தையா திறக்க முடியும் என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார், உனக்கு எழுதச் சொன்னார். அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கைத்தடியோடு நாலு வீடு ஏறி இறங்கி எல்லோருக்கும் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கால் தேறிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டோம். அவளும் உன்னைக் கேட்டாள். புள்ள அந்தப் போட்டோவில ஏன் அப்படி மெலிஞ்சிருக்கா என்றாள். வேலைக்குப் போற பிள்ளை மெலியாம என்ன செய்யும் என்று அவள் வாயை அடைத்தேன். இப்போது நினைத்தால் என் வாயை யாராவது அடைத்திருக்கலாம் போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை உன்னை எங்கள் பின்னல் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, தையல்கடை மாடியில், ஞாபகம் இருக்கிறதா. குளிர்பதனக் கிடங்கில் வேலை, நாள் முழுக்கக் குளிரில் நிற்கப் போகிறாய், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற மாதிரி ஏழு உருப்படி பின்னித் தருகிறேன், எதை எடுத்து எதன்மேல் போட்டாலும் பொருந்த வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அதற்கு முதலில் உன் நிறம் தெரிய வேண்டும் என்று தையல்கார அக்கா உன்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, முகம் கழுவச் சொல்லி, முடியை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டி, தாடைக்குக் கீழே ஒவ்வொரு துணியாகப் போட்டுப் போட்டு எடுத்தார். மேல்தோல் வெயிலில் கறுக்கும் நிழலில் தேறும், அதற்கு அடியில் ஒரு சாயல் இருக்கிறது, சிலருக்கு நீலம் கலந்தது சிலருக்கு மஞ்சள் கலந்தது, அது மட்டும் சாகிற வரைக்கும் மாறாது, அதை வைத்துத்தான் மனுஷர்களை இளவேனில், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நாலாகப் பிரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே செய்தார். புத்தகத்தில் இருக்கிற முகமெல்லாம் வெளுத்த முகம், அதை வைத்துக்கொண்டு நம்மை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் குளிர்காலம் என்று எழுதிவிடுகிறார்கள், நான் ஒத்துக்க மாட்டேன், ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் சொல்வேன் என்பது அவர் கட்சி. கடுகு மஞ்சள் துணியைப் போட்டதும் உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியது, அழுத்தமான நீலத்தைப் போட்டதும் யாரோ விளக்குப் போட்ட மாதிரி முகம் துலங்கிவிட்டது. உண்மையாகவே குளிர்காலம்தான் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். நீ சும்மா இருந்தாயா, எங்கப்பாவைக் கேட்டா புயல் காலம்னு சொல்லியிருப்பாரு, இதுக்கு இத்தனை துணியா என்று கேட்டு மாடியையே சிரிக்க வைத்தாய். நீலம், ராணிக் கலர், சுத்த வெள்ளை, கறுப்பு என்று அக்கா எழுதிக் கொடுத்த அட்டை இன்னும் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது.

நீல ஸ்வெட்டரும் ராணிக் கலர் மப்ளரும் உன்னோடு வந்தன. ஐந்து மாதம் கழித்து அந்த நீலத்தைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினாய். பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. முகம் மங்கி, வாயோரம் மஞ்சளடித்து, கண் குழிந்து, நீலம் உன்னை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது. பெற்ற தாய்க்கு அப்போது என்ன தோன்றியிருக்க வேண்டும் சொல். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா, அக்கா கணக்குத் தப்பு, என் பெண் குளிர்காலம் இல்லை, இலையுதிர் காலம் என்று. பட்டப்படிப்பு படித்த புத்தி இல்லையா, உடனே போட்டோவைப் பெரிதாக்கி, வீட்டில் இருந்த நூல்கண்டுகளை எல்லாம் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, பாசிப் பச்சை என்று புதுப் பட்டியல் எழுதிக்கொண்டேன். பாதி முடித்திருந்த இரண்டாவது நீல ஸ்வெட்டரைப் பிரித்துச் சுருட்டினேன். ஒருத்தரையும் கேட்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு மஞ்சள் ஸ்வெட்டர், ஒரு செங்கல் நிறக் கையில்லாதது, பாசிப் பச்சைத் தொப்பி மூன்றும் பின்னி அனுப்பினேன். நீ மஞ்சளைப் போட்டு, கிடங்கு வாசலில் கையில் வெள்ளைத் தட்டோடு நின்று போட்டோ அனுப்பினாய். அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது. கருவளையம் தெரியவில்லை, சோர்வு தெரியவில்லை. நான் அதைப் பார்க்காதவர்கள் இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

போன சனிக்கிழமை அந்தப் பெருமையோடு அக்காவிடமும் நீட்டினேன், நீங்க சொன்னது தப்பாப் போச்சுக்கா, பாருங்க என்று சிரித்துக்கொண்டேதான் நீட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலோரம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பருவம் மாறாதே கண்ணு, அன்னைக்கு என் கையால துணி போட்டுப் பார்த்தேனே, இவளுக்கு மஞ்சள் பொருந்தவே பொருந்தாதே, இப்ப பொருந்துதுன்னா துணியில ஒண்ணும் இல்லை, பிள்ளை மேலதான் என்னமோ இருக்கு என்றார். எனக்கு வந்ததே கோபம். போட்டோ வெளிச்சம்க்கா அது என்று சொல்லிவிட்டு ஊசியும் நூலும் போட்டது போட்டபடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நீங்களே சொல்லுங்க, வெளிச்சத்தினாலதானே என்று கேட்டேன். அப்பா ஒரு நிறத்தைப் பார்க்கிற முறை உனக்குத்தான் தெரியுமே. எந்தக் கலராக இருந்தாலும் முதலில் அதற்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளையைத் தேடுவார், வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் மற்றதை நம்புவார். போட்டோவில் உன் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். தட்டு வெள்ளையாக இருந்தது. உன் யூனிபார்ம் காலரைப் பார்த்தார், அதுவும் வெள்ளை. வெளிச்சம் மஞ்சளா இருந்தா தட்டும்தானே மஞ்சளடிக்கும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கடையில் கலர் ஒத்துப் பார்க்கச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற வெள்ளை அட்டையை எடுத்து, போனில் உன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். நானும் பார்த்தேன் பொம்மி. உன் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. அப்பா அட்டையைத் திரும்பப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொருந்துகிற நிறம் முகத்தின் வாட்டத்தை மறைத்துவிடும், பொருந்தாத நிறம் காட்டிக் கொடுத்துவிடும், இதுதான் அந்தக் கலையில் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நீலம் காட்டிக் கொடுத்தது, நான் நீலத்தைப் பிரித்துச் சுருட்டி மூலையில் போட்டேன். உன் உடம்புக்கு வந்ததற்குத் தோதாக நிறம் தேடி, கண்ணி கண்ணியாக இரண்டு மாதம் பின்னி, அதற்கு மேலேயே போர்த்திவிட்டேன். அந்த மஞ்சளைப் பார்த்து நல்லாயிருக்கே, தேறிட்டியே என்று உன்னிடம் எத்தனை பேர் சொன்னார்களோ, நீயும் கண்ணாடியில் பார்த்து நம்பியிருப்பாய். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இது என் தப்பு, இதில் உன்னுடைய பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

உன் பங்கு என்னவென்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போ என்று போனில் மெசேஜ் அனுப்பினேன், கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். திங்கட்கிழமை உன் அறைத்தோழிக்குப் போன் போட்டேன். அவளோடு சண்டைக்குப் போகாதே, அவள் முதலில் மழுப்பத்தான் செய்தாள், நான் அழுததும் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டாள். ஒரு மாதமாக உனக்குச் சாப்பாட்டு வாடையே ஆகவில்லையாமே. போன வாரம் கிடங்கில் அடுக்குகளுக்கு நடுவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாயாமே, அட்டைப்பெட்டி எண்ணுகிற மாதிரி குனிந்தே இருந்து சமாளித்தாயாமே. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கு, இப்ப லீவு போட்டா பேரை எடுத்துடுவாங்க, எங்கம்மா காதுக்கு மட்டும் போயிடக்கூடாது, அவங்க கற்பனையிலேயே எனக்குக் காரியம் பண்ணிடுவாங்க என்றாயாமே. உண்மைதான், நான் பயந்தாங்கொள்ளிதான். நீ இருமினால் எனக்கு நெஞ்சு வலிக்கும். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம், உன்னை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள், நீ அழுவது பசியாலா வலியாலா என்று தெரியாமல் நானும் சேர்ந்து அழுதவள். அன்றைக்குத் தெரியவில்லை என்றால் நியாயம். இருபத்தொரு வருஷம் கழித்தும் தெரியவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்கு என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஈரலா, ரத்தமா, தண்ணீர் சேராததா, அதை ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், நானோ அக்காவோ அப்பாவின் அட்டையோ சொல்ல முடியாது. சாதாரணமாகவே இருக்கலாம். இருந்தால் என்னை ஆயுசு முழுக்கக் கேலி பண்ணு, அத்தையையும் சேர்த்துக்கொள். வேலையைப் பற்றி அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். கலவை கெட்டுப்போச்சுன்னா இன்னொரு டின் திறந்துக்கலாம், சுவரே விழுந்துட்டா எதுல பூசறது என்று கேட்கச் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு வெள்ளையாக ஒரு பட்டை வைத்திருக்கிறேன், நாலு விரல் அகலம். விரைவுத் தபாலில் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அது சுத்த வெள்ளை, அப்பா தன் அட்டையோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டிய வெள்ளை. அந்த மஞ்சளைக் கழற்றி வை. முகத்தைக் கழுவு, பவுடர் போடாதே, விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நில், பட்டையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணாடியில் உன் கண்ணை மட்டும் பார். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உன் கண்ணை நம்பு. பார்த்ததும் அப்படியே உன் அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, அவள் வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்காகக் காத்திருக்காதே. நான் வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன், அதற்கு முன்னால் டிக்கெட் கிடைக்கவில்லை, ஞாயிறு காலையில் உன் வாசலில் இருப்பேன். வராதே என்று போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

அந்தப் பட்டை ஒரு ஸ்வெட்டரின் கழுத்து. கழுத்தை நான் எப்போதும் தனியாகப் பின்னிக் கடைசியில் தைப்பேன் என்று உனக்குத் தெரியும். உடலும் கையும் முடிந்து என் பைக்குள் இருக்கிறது, கழுத்து இருக்க வேண்டிய இடம் திறந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சோ உன் கட்டிலோ, எங்கே உன்னைப் பார்க்கிறேனோ அங்கே உட்கார்ந்து தைத்து முடிப்பேன். உனக்கு எது பொருந்தும் என்று இந்தத் தடவை உன் முகத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.

தண்ணீர் நிறையக் குடி. நீல ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுத்து வை. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, வந்தது வந்த வழியே போக வேண்டும். அப்பா உன் தலையைத் தடவியதாக எழுதச் சொன்னார். நான் வரும்போது பட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே, அந்தக் கண்டில் மிச்சம் நூல் இல்லை.

உன் கண்ணையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா