கொடுத்தவர்கள் அனைவரும் நலம்

ஜூன் 3, செவ்வாய்
டாக்டர் கிருபாகரனின் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்த்தேன். கல்லீரல் சுருக்கம், புற்று, மாற்று அறுவை சிகிச்சை என்று பக்கம் பக்கமாகப் போகிறது. புதிதாக வெளிவருவதை மேலே சேர்ப்பது என் வேலை. அடுத்துச் சேரப்போவதில் இரண்டாவது பெயர் எழிலரசி. நான்! கணவருக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்த மனைவிகள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பது கட்டுரை. அனைவரும் நலம். ஃபோன் செய்து கேட்டவளும் நான்தான். பிஎச்.டி. இடத்துக்கு ஒரு கட்டுரை கேட்கிறார்கள். எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

அப்பா அதற்குள் எங்கள் கோவில்பதாகை ஊர் டீக்கடையில் சொல்லிவிட்டார். “டாக்டருங்க பேரோட எம்பொண்ணு பேரும் அச்சுல வரப்போவுது, லிவரப் பத்தி. இனிமே குடிக்கிறவன்லாம் எங்க ஊட்டாண்ட பாத்து நடங்கடா.”

ஜூன் 6, வெள்ளி
ஆவடி ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“நீ ஈரல் ஆஸ்பத்திரி பொண்ணுதானே?”

கமலம். கணவர் உதயகுமாருக்குக் கொடுத்தவர். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். என் கையை இழுத்துப் புடவைக்கு மேலேயே வயிற்றில் வைத்தார். தையல் போட்ட இடத்தில் தேங்காய் மூடி அளவுக்குப் புடைப்பு.

“இருமுனா வெளிய தள்ளுது. கொடம் தூக்க முடில. கம்பெனில நின்னுகினே வேல, அதையும் உட்டுட்டேன்.”

“ஃபோன்ல கேட்டப்ப நல்லா இருக்கீங்கன்னு சொன்னாங்களே அக்கா?”

“எங்கிட்ட எவ கேட்டா?”

வேலைக்கு வந்ததும் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்துக்கு ஒரு ஃபோன் எண்தான் எழுதுகிறார்கள். நோயாளியின் எண். ‘அவ நல்லாக்கீறா’ என்று உதயகுமார் சொன்னார். ‘நலம்’ என்று குறித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கும் அப்படியே. ஒரு பெண்ணின் குரலையாவது கேட்டேனா? இல்லை.

ஜூன் 9, திங்கள்
இந்தத் தகவல்களை எல்லாம் பார்த்துக்கொள்ளும் சம்பத் சாரிடம் சொன்னேன். சிரித்தார். “எங்கூட்டுக்காரிய கேட்டுப் பாரு, கல்யாணமான நாள்லேந்து ஒடம்பு சரியில்லம்பா. அதையும் போட்டுக்குவியா?”

டாக்டரின் அறை வாசலில் இரண்டு முறை நின்று திரும்பினேன். மூன்றாவது முறை அவரே கூப்பிட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்கம்மா. அந்த அம்மாவை ஓ.பி.க்கு வரச் சொல்லு, நானே பாக்குறேன். கட்டுரையை இப்போ தொட வேண்டாம். உனக்கும் இது வேணும் இல்லையா?”

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் தலையாட்டிவிட்டு வந்தேன். திட்டியிருந்தால்? அப்போதும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்
ஜர்னலிலிருந்து மின்னஞ்சல். கட்டுரையில் உள்ளதற்கு, அதில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டுமாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மற்றவர்கள் அழுத்திவிட்டார்கள்.

ஜூன் 11
அழுத்தவில்லை.

ஜூன் 14, சனி
“ஒரு பட்டன் அமுக்க நல்ல நேரம் பாக்குறியாம்மா?” — சம்பத் சார். நெட் வரவில்லை என்றேன். பொய்.

புத்தகம் எப்போது வரும் என்று அப்பா தினமும் கேட்கிறார். பயமா இருக்கு. அமுக்கினா, கமலம் அக்கா நல்லா இருக்காங்கன்னு நானே சொன்ன மாதிரி. அமுக்கலைன்னா — இவ்ளோ படிச்சது எதுக்கு? வேண்டாம்னு வாயால சொல்லக்கூடத் தெரியல. சும்மா உக்காந்திருக்கேன்.

ஜூன் 19, வியாழன்
டாக்டர் கூப்பிட்டார். “ஏம்மா இன்னும் பண்ணலை?”

யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “அவங்க யார்கிட்டயும் நான் பேசவே இல்ல சார்” என்பது மட்டும் வந்தது.

கட்டுரையைத் திரையில் திறந்தார். பிறகு, “சரி. உன் பேரை எடுத்துடச் சொல்றேன்” என்றார்.

கட்டுரை நின்றுபோகும் என்று நினைத்திருந்தேன். என் பெயர்தான் போனது.

ஜூலை 1, செவ்வாய்
அப்பாவிடம் சொன்னேன். “இப்ப அவனுங்களாண்ட இன்னான்னு சொல்றது?” என்றார். இன்று டீயை வீட்டிலேயே குடித்தார்.

ஜூலை 22, செவ்வாய்
கட்டுரை வெளிவந்துவிட்டது. பட்டியலில் மேலே சேர்த்தேன். ஒரு பெயர் குறைந்தது படிப்பவர்களுக்குத் தெரியாது. கொடுத்தவர்கள் அனைவரும் நலம் என்றுதான் இருக்கிறது. பிஎச்.டி. இந்த வருடம் இல்லை. கமலம் அக்காவின் புடைப்புக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

மதியம், அடுத்த கட்டுரைக்கான அழைப்புகள். முதல் எண்ணில் ஓர் ஆண் குரல்.

“அவளா? அவ நல்லாத்தான் கீறாம்மா.”

“சரிங்க. ஃபோனை அவங்க கையில குடுங்க.”

“கொழம்பு வச்சிகினு கீறா.”

“காத்திருக்கேன்.”

சம்பத் சார் திரும்பிப் பார்த்தார். நான் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கரண்டி வைக்கும் சத்தம், யாரோ நடந்து வரும் சத்தம்.

“அலோ... எங்கிட்டயா பேசணும்?”