திரை அணையக் கூடாதென்கிறது மூஸ்

ஆர்டிஸ்,

முன்வாசல் பக்கம் வராதே, அங்கே ஒரு மூஸ் மான் நிற்கிறது. பின்கதவு திறந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் அடுப்பில் சூடாக இருக்கிறது.

கணினியில் புது லினக்ஸ் ஏற்றும்போது, சும்மா இருந்தால் திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்று கேட்டது. "ராத்திரி பூரா அந்த வெளிச்சம் எரிஞ்சா நான் ஃபார்கோவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்" என்று காலையில் நீ கத்தினாயே, அதனால் ஐந்து என்று வைத்தேன். திரை அணைந்தது. உடனே மூஸ் கொம்பால் ஜன்னலைத் தட்டியது. மவுஸை அசைத்தேன். வெளிச்சம் வந்ததும் அடங்கிவிட்டது. மூன்று தடவை இப்படியே நடந்தது.

பக்கத்து வீட்டு வெர்னனுக்குப் போன் செய்தேன். "அது படம் பாக்குதுய்யா! பாதியில அணைச்சா யாருக்குத்தான் கோவம் வராது?" என்றான். சரியென்று, 'ஒருபோதும் அணையாதே' என்று மாற்றினேன். இப்போது அது குடும்பத்தையே கூட்டி வந்திருக்கிறது. குட்டி முன்வரிசையில்.

வெர்னன் வீட்டில் இருக்கிறேன்.

மெல்வின்

பி.கு: நான் புளுகுவதாக நினைத்தால் ஜன்னலில் மூக்குத் தடம் பார்.

இன்னொன்று: கிளம்பும்போது மறுபடி ஐந்தே வைத்துவிட்டேன். மூஸ் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். நீ போகாதே.