டிரைவர்மாரின் அறை பின்பக்கம்

மச்சான்,

போன திங்கட்கிழமை காலை, கையில் ஒரு நீலப் பட்டியோடு ஓட்டோ ஸ்டாண்டில் போய் நின்றேன். ஹோட்டலில் தங்கியவர்களுக்குக் கட்டிவிடும் பட்டி அது. கழற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கழற்ற வரவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன், பல்தான் ஆடியது. ஸ்டாண்டில் நின்றவர்கள் அதைக் கண்டதும் ஒருவன் கேட்டான், "என்ன அண்ணன், ஆஸ்பத்திரியால துண்டு வெட்டி வீட்ட அனுப்பிட்டாங்களா?" சிரித்துச் சமாளித்தேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய ஒரு வயதான அம்மா மிச்சக் காசை வாங்கவே இல்லை. "என்னகா தம்பி, இந்த உடம்போட ஏன் ஓடுறாய்? இளநி வாங்கிக் குடி" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனா. நானும் நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

நீ இருந்திருந்தால் இந்தக் கதையை வைத்தே ஒரு மாதம் சிரித்திருப்பாய். நீ இல்லை. வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியின் கத்தரிக்கோலால் பட்டியை வெட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது, கோபம் வந்தது. முதல் முறை ஹோட்டலுக்குப் போனபோது எனக்கும் உன் தங்கச்சிக்கும் மகளுக்கும் இப்படித்தான் பட்டி கட்டினார்கள். உனக்கு மட்டும் கட்டவில்லை. அந்தக் கோபத்தை இத்தனை வருடமாக எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உனக்கு எழுதாமல் வேறு ஆருக்கு எழுதுவது? எட்டாம் வகுப்பில் உன் கொப்பியைப் பார்த்து, உன் பிழைகளையும் சேர்த்து எழுதியவன் நான். என் எழுத்துப் பிழைகள் பாதிக்கு நீதான் பொறுப்பு.

அந்தப் பயணம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். எஞ்சின் ஒயில் போத்தலின் மூடிக்குள் கூப்பன். சுரண்டிப் பார்த்தால் கடற்கரை ஹோட்டலில் ஒரு நாள் தங்கல், கணவன் மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும். ஸ்டாண்டில் என்னைத் தூக்கி வைத்து ஆடினார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அன்று மாலையே நான் உன்னிச்சை ஊருக்கு வந்து உன் வயல் வட்டையின் வரம்பில் நின்று கூப்பிட்டேன்: "மச்சான், நீயும் வா. அறைக்குள்ள ஒரு பாயைப் போட்டுப் படுப்பம்."

கலியாண வீட்டுக்குப் போவது போல நினைத்துவிட்டேன் பார். நம் வீடுகளில் நாலு பேருக்குச் சொன்னால் பத்துப் பேர் வருவார்கள், பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விரியும். ஹோட்டல் அறையும் அப்படி விரியும் என்று நினைத்த மடையன் நான். அதை நம்பிப் பன்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த மடையன் நீ.

ஆனால் உன்னை நான் ஆசையில் மட்டும் கூப்பிடவில்லை. இதை நீ கண்டுபிடித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஹோட்டல் வாசலில் என் சொந்த ஓட்டோவில் போய் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு வேன் ஓட்ட வராது. உனக்கு வரும். நீ ஆரிடமோ வேன் வாங்கி, பின்சீற்றில் பாயையும், மருமகளுக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிரையும் வைத்துக்கொண்டு வந்தாய். நான் காலில் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தேன். நீ இடுப்பில் சாரனோடு வந்தாய்.

தயிர்ச் சட்டியை வாசலிலேயே காவலாளி பிடித்து வைத்துக்கொண்டான், வெளிச்சாப்பாடு உள்ளே போகக்கூடாதாம். பாயைப் பார்த்துச் சிரித்தான். வரவேற்பு மேசையில் இருந்தது நம் பக்கத்துப் பிள்ளைதான், முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் ஆங்கிலத்தில் கேட்டது. நான் விழித்ததைக் கண்டு தமிழுக்கு வந்தது.

"கூப்பன் மூண்டு பேருக்குத்தான் சேர். இவர் ஆர்?"

என்னை ஒருவர் வாழ்க்கையில் முதல் தடவையாக 'சேர்' என்று கூப்பிட்டதும் சட்டைக் கொலரை இழுத்து நேராக்கினேன். நான் வாயைத் திறக்க முன்னம் நீ சொன்னாய்: "நான் டிரைவர், தங்கச்சி."

"டிரைவர்மாருக்கு அறை பின்பக்கம் இரிக்கு. சாப்பாடும் குடுப்பம்" என்றது பிள்ளை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தது, சரிதானா என்பதுபோல. நீயும் என்னைப் பார்த்தாய். அப்போதுதான் மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சொன்னாள்: "இல்ல, அது டிரைவர் இல்ல. அது மாமா!"

நான் அவளின் தோளில் கையை வைத்து அமத்தினேன். "சும்மா இரு மகள்" என்றேன். அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டோ ஸ்டாண்டில் டிரைவராக நிற்கிறவன் நான். வயல்காரன் நீ. ஒரு நிமிடத்தில் நான் விருந்தாளி, நீ டிரைவர். எல்லாம் ஒரு சோடிச் சப்பாத்து செய்த வேலை.

அறையைப் பற்றிச் சொல்கிறேன், நீ உள்ளே வந்து பார்க்கவில்லையே. தலை மூன்று, தலையணை எட்டு. துவாயை அன்னம் போல மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனமில்லாமல் உன் தங்கச்சி தன் சீலைத் தலைப்பால் முகம் துடைத்தாள். கழிப்பறையில் கடதாசிச் சுருள் தொங்கியது, வாளி இல்லை. நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை உனக்கு மட்டும் சொல்கிறேன். நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் உன் தங்கச்சி காலை நனைத்துக்கொண்டு இருந்தாள். சீலையோடு அங்கே இருக்கக்கூடாது என்று ஒருவன் வந்து எழுப்பினான். கடலிலும் வாவியிலும் சீலையோடு குளித்து வளர்ந்தவளை ஒரு தொட்டித் தண்ணீருக்குப் பக்கத்திலிருந்து எழுப்பினான்! சுவர் ஓரமாக ஒரு நீளச் சோபாவும் கிடந்தது. ஆறடி இருக்கும். அதில் ஆரும் படுக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு முப்பது வகை. நான் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் இறாலும் கோழியும் குவித்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தேன்.

"சேர், சாப்பாட்டை வெளியில கொண்டு போகேலாது."

"எங்கட ஆள் ஒருத்தருக்கு" என்றேன்.

"டிரைவருக்குத்தானே சேர்? அவங்களுக்கு அங்க பார்சல் குடுப்பாங்க."

எங்கட ஆள் என்றேன், மச்சான். 'மச்சான்' என்ற சொல் அங்கேயும் வரவில்லை. திரும்பி வந்து அந்தக் கோப்பையையும் நானே சாப்பிட்டேன். உன் தங்கச்சி தன் கோப்பையைத் தொடவில்லை.

"அண்ணன் சாப்பிட்டாரா?"

"பார்சல் குடுப்பாங்களாம்."

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "என்ட கலியாணத்தில அண்ணன் பந்தியில இருந்த பிறகுதான் நீங்க இருந்தீங்க. ஞாபகம் இரிக்கா?"

ஞாபகம் இருக்கிறது. நம் பக்கத்தில் தாய்மாமன் வந்து முன்னுக்கு நில்லாமல் பிள்ளைக்கு ஒரு காரியம் தொடங்குமா? பிள்ளை தாய்வழியில் உன் குடி. நான் வந்து ஏறிய மாப்பிள்ளை. வீடு பெண்ணுக்கு, அதைக் கட்டுவது கூடப் பிறந்தவன். அதுதான் முறை. அந்த முறைக்காக மூன்று வருட விளைச்சலைக் கல்லும் சீமெந்துமாக மாற்றியவன் நீ. உனக்குப் பேசிவந்த பெண்ணைக்கூடத் தங்கச்சியின் வீடு முடியட்டும் என்று காக்க வைத்தாய். மேசனோடு நின்று நீயே மண் சுமந்தாய். அந்த வீட்டில் நான் இத்தனை வருடமாகக் கால் நீட்டிப் படுக்கிறேன். உனக்கு ஒரே ஒரு நாள், எவனோ கட்டிய அறையில் ஒரு சோபா வாங்கித் தர எனக்கு வாய் வரவில்லை.

சாப்பிட்ட கையோடு பின்பக்கம் வந்தேன். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை, உள்ளே அடுக்குக் கட்டில்கள். நீ வெளியே மரத்தடியில் உன் பாயை விரித்து, நாலு டிரைவர்மாரை வளைத்து இருத்தி வைத்திருந்தாய். வாசலில் பிடித்த தயிர்ச் சட்டி எப்படியோ உன்னிடம் வந்திருந்தது.

"வா மச்சான், இரி. உள்ள உங்களுக்கும் தயிர் குடுத்தவங்களா? மருந்து அளக்கிற சின்னக் கோப்பையிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "எழும்பு, வீட்ட போவம்" என்றேன்.

"உனக்கென்ன விசரா? புள்ள கடலப் பாக்கட்டும். யானைக்குப் பயந்து மரத்தில பரண் கட்டிப் படுக்கிறவன் நான். எனக்கு இது மாளிகை. மறுகா வந்து பாய்க்கு வாடகை கேக்காத, போ."

இங்கேதான் உன்னில் எனக்குக் கோபம். ஏன் அப்படிச் சிரித்தாய்? ஒரு தடவை, "உனக்கு வாயில்லையாடா?" என்று கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே அழுது முடித்திருப்பேன், கதை அன்றைக்கே தீர்ந்திருக்கும். நீ பெரிய மனிதனாக இருந்தாய். பெரிய மனிதர்களோடு பிழை செய்கிறவனுக்குத் தப்ப வழியே இல்லை. மறுநாள் வாசலில் காவலாளி எனக்குச் சலூட் அடித்துவிட்டு உன்னைப் பார்த்து, "ஏய், வண்டிய எடு" என்றான். நீ எடுத்தாய். நான் பின்சீற்றில் இருந்தேன். வழியெல்லாம் மருமகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு ஓட்டினாய், டிரைவர்மாரின் அறையில்தான் உண்மையான விருந்து நடந்தது என்று.

போன மாரி மழையில் நீ வார்டில் படுத்திருந்தபோது தாதிப் பிள்ளை கேட்டது: "நீங்க நோயாளிக்கு ஆர்?" "மச்சான்" என்றேன். எவ்வளவு சுகமாக வந்தது அந்தச் சொல். அன்று உன் கட்டிலருகே இருந்து பழைய கதையை எடுக்கத்தான் நினைத்தேன். நீ விதைப்பைப் பற்றியும், வாய்க்கால் தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் வருமா என்றுமே கேட்டுக்கொண்டிருந்தாய். நாளைக்குப் பார்ப்பம் என்று எழுந்து வந்தேன். அந்த நாளைக்கு நீ இருக்கவில்லை.

இப்போது, அந்த நீலப் பட்டி கட்டிவிட்ட இந்த இரண்டாவது ஹோட்டல். மகள் வேலைக்குப் போகிறாள், எங்களைக் கூட்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாவிக்கரையில் பெரிய இடம், வாடகை வேன், நாற்பது வயதுள்ள ஒரு டிரைவர். வரவேற்பு மேசையில் அதே கேள்வி. மகள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவர் டிரைவர். அவருக்குப் பின்பக்கம் குடுங்க."

நான் கத்தினேன், மச்சான். அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "மனிசன் எங்களோட வந்தவர், எங்களோடதான் சாப்பிடுவார், எங்களோடதான் படுப்பார்! பின்பக்கம் என்ன பின்பக்கம்? நானும் டிரைவர்தான், என்னையும் அங்க கொண்டு போய்க் கட்டுங்க!" முகாமையாளர் ஓடி வந்தார். உன் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த டிரைவர் என் கையைப் பிடித்து மெதுவாகக் கெஞ்சினான்: "அண்ணன், தயவுசெய்து என்னை விட்டிருங்க. அங்க என்ட கூட்டாளிமார் நாலு பேர் நிக்கிறானுகள். உங்களோட படுத்தா எனக்கு நித்திரை வராது. நீங்க குறட்டை விடுவீங்க எண்டு அக்கா வரக்குள்ள சொன்னவ."

அவன் போய்விட்டான். நான் நடு மண்டபத்தில் நின்றேன். இத்தனை வருடம் தாமதித்து, பிழையான ஹோட்டலில், பிழையான ஆளுக்காகச் சண்டை பிடித்தவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகள் அறைக்குள் வந்து கேட்டாள்: "என்னப்பா இது? அவர் டிரைவர்தானே? நான் சின்னதில நாம போன ஹோட்டலில மாமாவும் பின்பக்கந்தானே நிண்டவர். அங்கதான் நல்லா இருந்ததெண்டு அவரே சொன்னவரே."

அவளுக்கு அவ்வளவுதான் ஞாபகம். உன் சிரிப்பும் தயிர்ச் சட்டியும் மட்டும். 'அது மாமா' என்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகமில்லை. தோளில் இருந்த என் கை ஞாபகமில்லை. ஆனால் அந்தக் கை சொல்லிக் கொடுத்த பாடம் மட்டும் அவளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது வேனில் அவள் கேட்டாள்: "அப்பா, ஹோட்டலப் பற்றி எழுதப் போறன், நட்சத்திரமும் போடோணும். உங்கட அபிப்பிராயம் ரெண்டு வரி சொல்லுங்க. உண்மையச் சொல்லுங்க."

"கட்டில் நல்லம். மீன் பொரியலுக்கு உப்புக் கூட" என்றேன். அவள் அதை அப்படியே எழுதி நாலு நட்சத்திரம் போட்டாள். உன் தங்கச்சி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். நான் வாயை இரண்டு தடவை திறந்து மூடினேன். வாய்க்குள் இருந்தது இதுதான்:

மகள், அண்டைக்கு அந்த இடத்தில உண்மையச் சொன்னது நீ ஒருத்திதான். உன்ட தோளை அமத்தினது நான்.