உப்பு சைபர் கிலோ

12 ஜூன், வியாழன் இரவு

அம்மா சமைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட கல்யாண விருந்தின் சாமான் கணக்கை எக்செலில் போட்டேன். தலைக்கு வேண்டிய அளவை விருந்தினர் எண்ணிக்கை இருந்த கட்டத்தால் பெருக்கி, சூத்திரத்தைக் கீழே இழுத்தேன். அரிசி சரியாக வந்தது. பருப்பு, உப்பு எல்லாம் சைபர்.

"ஞாயித்துக்கிழம கிள்ளான்ல கல்யாணம். இதுலயும் விளையாட்டாடா?"

"இல்லமா, இந்தத் தடவ சத்தியமா நான் இல்ல."

அண்ணனின் கோப்பியில் விளையாட்டாக உப்புப் போட்டவன் நான்; நான் சொன்னால் யார் நம்புவார்? இழுக்க இழுக்க, சூத்திரம் எண்ணிக்கைக் கட்டத்தை விட்டு அதன் கீழிருந்த காலிக் கட்டங்களுக்கு இறங்கியிருந்தது. சூத்திரத்தில் அந்தக் கட்டத்தின் பெயரோடு டாலர் குறி ($) போட்டு, அது நகராமல் பூட்டினேன். ரிங்கிட் புழங்கும் நாட்டில் டாலர்தான் மானத்தைக் காப்பாற்றியது.

அம்மா தானே எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தார். பருப்பும் உப்பும் கூடவே மாறின.

"பரவால்லலா. காலையில பாசாருக்கு நீயே வா, இத வச்சே வாங்குவோம்."

சாம்பார் நன்றாகத்தான் வரும். உப்பை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.