நடுவில் வைக்கும் பெயர்

தார்ன்ஸ் பண்ணை, ஸ்வேல்டேல்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஏவ்ரிலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளை டென்சிலும் குழந்தையும் பிளிமத்தில் நலமாக இருக்க வேண்டும். பிள்ளை பால் சரியாகக் குடிக்கிறானா? பல் முளைத்து முடியும்வரை உனக்குத் தூக்கம் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

இங்கே ஆடுகள் ஈனுகிற நேரம். மழை விட்டபாடில்லை. சமையலறை அடுப்போரம் இரண்டு குட்டிகள் பெட்டிக்குள் கிடக்கின்றன. உன் அப்பா அவற்றோடு பேசுகிற அளவுகூட என்னோடு பேசுவதில்லை.

பேரன் பிறந்த செய்தி அட்டை வந்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ஜோவன், அடுத்து மாப்பிள்ளை வீட்டுப் பெயர் பென்ரோஸ், அவ்வளவுதான். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "நடுவுல ஒண்ணும் இல்லியா நோரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளைக்கு அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை நடுவில் வைக்காமல் யார் விட்டார்கள்? உன் அப்பாவே வில்ஃப்ரெட் ஹார்க்கர் கால்வர்ட்தான். ஹார்க்கர் அவர் அம்மா வீட்டுப் பெயர். வைக்காவிட்டால் பிறந்த வீட்டை அறுத்துக்கொண்டாள் என்றுதான் ஊர் பேசும். நீ அது தெரியாமல் விட்டவள் இல்லை.

ஏன் விட்டாய் என்றும் எனக்குத் தெரியும். உன் கல்யாண விருந்தில் டென்சிலின் அண்ணன் எழுந்து, கால்வர்ட் என்றால் கன்று மேய்ப்பவன் என்று அர்த்தம் சொல்லி, "இன்னியோட பொண்ணு தொழுவத்தை விட்டு வெளியே வந்துட்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். கன்று மேய்த்ததில் என்ன கேவலம் என்று கேட்கிற மனுஷன் உன் அப்பா. அவரைச் சுட்டது உன் சிரிப்புதான். "சிரிக்கிற பேருதானே, இங்கயே விட்டுட்டுப் போ. உன் புள்ளைக்கும் வேணாம்" என்று அத்தனை பேர் நடுவே சொன்னார். அப்போதே நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். சொல்லைக் கொட்டிவிட்டால் அள்ளவா முடியும்?

போன மாதம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தோம். அங்கே கால்வர்ட் என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும், உனக்குத்தான் தெரியுமே. ஜார்ஜ் ஆல்டர்சன் வழக்கம்போல அடையாளத்துக்குப் பண்ணைப் பெயரைச் சேர்த்து, "என்னப்பா தார்ன்ஸ் வில்ஃப், பேரனுக்கு என்ன பேரு வச்சிருக்கு?" என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சமும் தயங்காமல், "ஜோவன் கால்வர்ட் பென்ரோஸ்" என்றார். ஆட்டின் வயதில்கூட ஒரு பொய் சொல்லாத மனுஷன்.

அது பள்ளத்தாக்கு முழுக்கப் பரவி, ஜெபக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று பெயரையும் பொறித்து ஒரு வெள்ளிக் கோப்பை கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். உன் அப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மகளுக்கு ஒரு வரி எழுதுங்களேன் என்றேன். "என்னன்னு எழுதுறது? வேணாம்னு சொன்னவனே நான்தானே" என்கிறார். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பெயரைப் பதிந்த பிறகும் ஒரு வருஷத்துக்குள் நடுவில் ஒன்று சேர்க்கலாமாம், விசாரித்துவிட்டேன். டென்சிலிடமும் கலந்து பேசு. எங்களுக்கு நீ ஒருத்திதான், வேறு யாரிடம் கேட்பேன்? மனசு வரவில்லையென்றால் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதை எனக்கு மட்டும் எழுது. அவர் பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

பேரனுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உன் அம்மா,
நோரா கால்வர்ட்