கேதம் கேட்கப் போன டாக்டர்

செக்கானூரணி
ஜூன் 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு உன் அம்மா சோலையம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் அக்காவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நான் கேட்டால் நீ ஒரே பதில்தான் வைத்திருக்கிறாய். நல்லாருக்கேம்மா, ரவுண்ட்ஸ்ல இருக்கேன், வைக்கிறேன் என்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் போன் செத்துப்போகிறது. நாலு நாளாக இதுதான் நடக்கிறது. தாளில் எழுதினால் உன்னால் நடுவில் வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள், வார்டில் கிடந்த பேப்பரையும் மருந்துச் சீட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து வந்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் கடைசிவரை படி.

நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லாத என்று நீ உன் அக்காவிடம் சொன்னாயாம். முனீஸ்வரி இரண்டு நாள் தாங்கினாள், மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதுவிட்டாள். பெற்றவளுக்கு மூன்றாம் நாள்தான் தெரியவேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, இருக்கட்டும். அங்கே வடக்கே உன் வார்டில் கணையம் வீங்கி வந்த லாரிக்காரர் இருபத்து மூன்று நாள் கிடந்தார் என்றும், தினம் காலையில் நீதான் அவருக்கு ரத்தம் எடுப்பாய் என்றும், ஊசி ஏறும்போது வலி தெரியாமல் இருக்க அவர் உனக்கு இந்தியில் ஒன்று இரண்டு சொல்லிக்கொடுப்பார் என்றும் சொன்னாள். போன மாதம் இருபத்தாறாம் தேதி முற்பகலில் அவர் இறந்துபோனார். மூன்றாம் நாள் உனக்கு விடுப்பு. நீ பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் தாண்டி அவர் ஊருக்குப் போய்த் துக்க வீட்டில் கேதம் கேட்டிருக்கிறாய்.

நம் ஊரில் எப்படிப் போவோமோ அப்படியே போயிருக்கிறாய். வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்கள் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி ஒவ்வொருவர் கையாகத் தொட்டிருக்கிறாய். ஒரு ஓரமாக அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாய். கேதவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்று நான் உன்னைப் பழக்கியதால், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறாய். நம் ஆட்களுக்கு அது மரியாதை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று தெரியுமா, சொல்லு. வைத்தியம் பார்த்த டாக்டர் தானாக வீடு தேடி வந்தான், எல்லாரிடமும் கையை நீட்டினான், கேட்டதற்குப் பதில் பேசவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஒருத்தன் அதை செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான், மருந்தில் தப்பு நடந்திருக்கிறது என்று அவர் வீட்டு ஆட்கள் பன்னிரண்டு பேர் வார்டுக்குள் வந்து உன் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பொத்தான் அறுந்ததாக முனீஸ்வரி சொன்னாள். பொத்தான் மட்டும்தான் அறுந்ததா என்று நான் அவளிடம் மூன்று தடவை கேட்டேன்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் விவரம் தெரியாமல் பயப்படுகிறவள் இல்லை. ஆரப்பாளையத்துப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் ஆயாவாக இருந்தவள். மேல்படிப்பு முதல் வருஷத்து டாக்டர் என்றால் என்னவென்று உன்னைவிட எனக்குத் தெரியும். ரத்தம் எடுப்பவன் அவன், அதை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் அவன், ஸ்கேனுக்குத் தேதி கேட்டுக் கெஞ்சுபவன் அவன், ஆள் கிடைக்காவிட்டால் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவனும் அவன்தான். முப்பத்தாறு மணி நேரம் நின்று கால் வீங்கி, ஷூ நாடாவை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடப்பான். பெரிய டாக்டர் பத்து நிமிஷம் வந்து பார்த்துவிட்டுப் போவார். யாராவது செத்துப்போனால் சொந்தக்காரர்கள் முன்னால் நிற்க இவனைத்தான் அனுப்புவார்கள். ஒருநாள் பட்டப்பகலில் எங்கள் வார்டில் உன் வயசுப் பையன் ஒருத்தனைச் சுவரோடு சேர்த்து அடித்தார்கள். மூக்குக் கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறிவிட்டது. தண்ணீர் விட்டுத் துடைத்தவள் நான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா நான் லீவுலருந்து இன்னைக்குத்தான் வந்தேன், அவரை நான் பார்த்ததுகூட இல்லைக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இப்போது டிவியில் டாக்டர் என்று ஒரு சொல் வந்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். நீ வார்டு விட்டு ஹாஸ்டலுக்குப் போகும்போது தனியாகப் போகாதே. பின்பக்கக் கதவு வழியாகப் போகாதே, அங்கேதான் ஆள் இருக்கமாட்டார்கள். செக்யூரிட்டியோடு ஒரு டீ குடித்துப் பழகி வைத்துக்கொள். அடி விழும்போது முதலில் ஓடிவருகிறவன் அவன்தான், உன் புரொபசர் இல்லை.

உன் அப்பா வண்டியைக் கழுவினார், மறுநாளும் கழுவினார், ஓடாத வண்டியை எத்தனை தடவை கழுவுவீர்கள் என்று கேட்டேன், வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். உன் சித்தப்பா மருதுதான் பேசுகிறார். யார் சொன்னார்களோ தெரியாது, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டு, என்ன மதினி, டாக்டருக்குப் படிக்க வச்சியே, கேதவீடு எது ஆஸ்பத்திரி எதுன்னு சொல்லிக்கொடுக்க மறந்துட்டியா என்கிறார். ஒங்க அப்பா கேதத்துக்கு நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு ஊருக்கே தெரியும், காப்பியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க என்று சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் அவர் கேட்டது என் மனசை விட்டுப் போகவில்லை. நேற்று பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போனேன், வசுந்தரா சிஸ்டரைப் பார்க்க. எங்கள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்தபோது ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுத்தாரே, அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோலை, நீ எத்தனை பேஷண்ட் வீட்டுக் கேதத்துக்குப் போயிருப்பே, ஒருத்தராவது உன்னைச் சந்தேகப்பட்டாங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நீ ஆயா, மலம் அள்ளுனவ வந்து அழுறான்னா அது பாசம், டாக்டர் வந்து உட்கார்ந்தா அது தப்பை ஒத்துக்கிட்ட கையெழுத்து, இதை நீ அவனுக்குச் சொல்லியிருக்கணும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனுசன் செத்தா போறது ஆயாவுக்கு ஒண்ணு டாக்டருக்கு ஒண்ணா என்று சத்தம் போட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னதில் பாதி சரி. நான் நடந்த நடையை அப்படியே உனக்குப் பழக்கிவிட்டேன், நீ வேறு ஆளாகப் போய் நிற்கப்போகிறாய் என்று நினைக்கவில்லை. அந்தப் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே. நாம ஊர்ல செய்றதுதானேக்கா, நான் போனது தப்பா என்று நீ அக்காவிடம் கேட்டாயாம். போனது தப்பில்லை. உன் புரொபசர் வந்து சொன்னாலும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

அந்த ஆள் ஒரு தாளில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாராமே. வேலைப் பளுவில் மனநிலை சரியில்லாமல் இருந்தேன், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டேன் என்று எழுதி பதினேழாம் தேதிக்குள் கொடுத்தால் உன்மேல் நடக்கிற விசாரணையைச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்றாராம். கொடுக்காதே. இன்றைக்கு உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி இருக்கும், நாளைக்கு நீ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தாள் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். உண்மையில் உனக்குத் தூக்கம் இல்லாமல் மனசு சரியில்லை என்றால் அது வேறு, அதற்கு டாக்டரைப் பார், வெட்கப்படாதே, என்னிடமும் சொல். இல்லாத நோயை யாருக்காகவும் எழுதிக் கொடுக்காதே. இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கேதம் கேட்பது எப்படி, கையைத் தொடுவது எதற்கு, சொல்லாமல் எழுந்து வருவது எதற்கு, இதையெல்லாம் என் மகனுக்குப் பழக்கியது நான்தான் என்று நான் எழுதி, முனீஸ்வரி இங்கிலீஷில் மாற்றி, அடியில் என் பெயரையும் வேலை பார்த்த வருஷத்தையும் போட்டிருக்கிறேன். ஆயா எழுதிக் கொடுத்ததை எவன் படிப்பான் என்று முனீஸ்வரி சொன்னாள். படிக்கட்டும், படிக்காமல் போகட்டும், உன் விளக்கத்தோடு சேர்த்துக் கொடு.

அழகு, இப்போது எழுதப்போவதை அக்காவிடம் காட்டப்போவதில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வார்டில் இடுப்பெலும்பு உடைந்த ஒரு கிழவி இருந்தது. படுக்கையைத் துடைத்துவிட்டுக் கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்ட மறந்துபோனேன். அடுத்த வார்டில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். கிழவி உருண்டு விழுந்தது. கூட இருந்த மகள் தான்தான் கம்பியை இறக்கினோமோ என்று நினைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் கிழவி போய்விட்டது. கேதத்துக்குப் போனேன், அந்த மகளைக் கட்டிப்பிடித்து எல்லாரையும்விட அதிகமாக அழுதேன். அம்மாவை நல்லாப் பாத்துக்கிட்டியேக்கா என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் போகாத கேதம் இல்லை. போகாமல் இருக்காதே என்று உன்னை நச்சரித்ததுகூட அதற்குப் பிறகுதான் அதிகம்.

அதனால் எனக்கு இருக்கிற பயம் அந்தப் பன்னிரண்டு பேரால் வந்தது மட்டும் இல்லை. நீ எதற்காக அந்த வீட்டுக்குப் போனாய் என்பதுதான் என் பயம். முந்தின நாள் காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவை மத்தியானம் பார்த்தாயா. தூக்கக் கலக்கத்தில் அளவை மாற்றி எழுதினாயா. நர்ஸ் கூப்பிட்டு நீ போகாமல் இருந்தாயா. ஒன்றுமே இல்லாமல், இருபத்து மூன்று நாள் பழகிய மனுசன் என்றுதான் போனாயா. அப்படித்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது, ஆனால் என் மனசு சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை, நீ சொல்ல வேண்டும். பதினெட்டாம் தேதி ரயிலுக்குத்தான் இடம் கிடைத்தது. இருபதாம் தேதி காலை நான் உன் ஹாஸ்டல் வாசலில் நிற்பேன். வராதேம்மா என்று அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, வருவேன். ஆனால் பதினேழாம் தேதி அதற்கு முன்னால் வந்துவிடுகிறது, அதனால் முடிவு உன் கையில்தான் இருக்கிறது.

துக்கத்துக்காகப் போயிருந்தால் என் தாளை நிமிர்ந்து நின்று கொடு. வேறு எதற்காவது போயிருந்தால் அதைக் கொடுக்காதே, கிழித்துப் போட்டுவிடு, நடந்ததை நடந்தபடி உன் கையால் எழுது. அதற்கு என்ன வந்தாலும் வரட்டும், படிப்பே போனாலும் போகட்டும், நான் கூட இருப்பேன். என்னைப் போல் வாங்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதே, அதை எங்கேயும் இறக்கிவைக்க முடியாது. வீட்டு ஆண்டவர் கருப்பு உனக்குத் துணை இருக்கட்டும், நீ தொடுகிற உயிரெல்லாம் நன்றாக இருக்கட்டும். டூட்டிக்குப் போகும் முன் இரண்டு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போ, பிஸ்கட்டோடு நிறுத்தாதே. கடிதம் கிடைத்ததும் போன் செய், துக்கமா வேறேயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குமேல் நானே உன்னை வைத்துவிடச் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வி. சோலையம்மாள்