நாலாவது நட்

3 ஆகஸ்ட் 1997, ஞாயிறு

மாருதியின் முன் இடது சக்கரம் கழலவில்லை. நான்கு நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வலிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து எதுவும் வலிப்பதில்லை.

அந்தச் சக்கரத்தை மாட்டியவள் என் மனைவி மது. பொங்கலுக்கு முன்னால், பெசன்ட் நகர் சர்ச் பக்கத்தில் பஞ்சர். தானே ஸ்டெப்னியை மாற்றிவிட்டுக் கறுப்புக் கையோடு வீட்டில் வந்து நின்றாள். "இன்ஜினியர் சார், ஸ்பானர் மேல ஏறி நின்னேன், அவ்ளோதான். உங்க ஒத்தாசை தேவைப்படலை."

பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி. திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் வண்டி இந்த அபிராமபுரம் ஃப்ளாட்டுக்குக் கீழே தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அந்த ஸ்டெப்னியும் இப்போது காற்றிறங்கித் தரையோடு தரை.

விற்றுவிடலாம் என்று மதுவின் அம்மா விசாலாக்ஷி மாமி சொன்னார். சரி என்றேன். 24ஆம் தேதி, பழைய கார் வாங்கும் உமர் ஃபாரூக் பாய் வந்து எடுத்துப் போகிறார். அவர் ஆட்கள் ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி அரை நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள். தெரியும். ஆனால் மது இறுக்கியதை அதற்குள் நான்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் — ஏன் கூடாது?

5, செவ்வாய்

பெருங்குடி ஆபீசில் பழைய ஜப்பான் கேட்லாக் ஒன்று. பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச், நட்டை அடித்துக் கழற்றும் மிஷின். ஒயரே கிடையாது. இப்படி ஒன்று இருக்கிறதா?

6, புதன்

உள்ளே ஒரு சுத்தியல் சுற்றுகிறது. நட் அசைய மறுத்தால், ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, தாண்டி வந்து மறுபடி அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில். பிடித்திருக்கும் கைக்கு அந்த முறுக்கு வராதாம். அடி முழுக்க நட்டுக்கு. எப்படி? டிபன் ஆறிப்போகும்வரை படம் போட்டுப் பார்த்தேன். புரிந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஏதோ ஒன்று புரிந்தது.

8, வெள்ளி

டெஸ்டிங் செக்‌ஷன் ஜவஹரிடம் கேட்லாகைக் காட்டினேன்.

"இன்னா மச்சி, நாலு நட்டு கழட்ட ஜப்பான் மிஷினா? காத்துல ஓடறது ஒண்ணு வாங்கிக்கயேன்."

"அதுக்கு கம்ப்ரஸர் வேணும். அந்தச் சத்தத்துக்கு ஃப்ளாட்ல இருக்கறவங்க என்னையே கழட்டிப் போட்டுடுவாங்க."

ஜவஹர் சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். நான் ஜோக் அடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவன் அண்ணன் கப்பலில் வேலை, சிங்கப்பூரிலிருந்து வருகிறாராம். "எது வோணும்னு கரெக்டா சொல்லு. போன்ல சொல்லிட்றேன்."

9, சனி

எதற்கும் ஒயர் வைத்ததைப் பார்த்துவிடலாமென்று தி.நகர் போனேன். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி எடுத்துக் கையில் கொடுத்தார். என்ன கனம்!

"தம்பி வொர்க்‌ஷாப் போடப் போறியளோ?"

"இல்லைங்க. ஒரே ஒரு சக்கரம்."

"ஒத்தச் சக்கரத்துக்கா? எங்கூர்ல அதுக்கு மச்சினனைக் கூப்பிடுவோம்லா."

வண்டி நிற்குமிடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஒயர் தொங்கவிட வேண்டும். பேட்டரிதான்.

10, ஞாயிறு

9.6 வோல்ட்டா, பன்னிரண்டா? பெரியது பலம், ஆனால் கனம். இந்தப் பேட்டரிகளைச் சும்மா வைத்தால் செத்துப்போகும் என்கிறார்கள். ஒரு சக்கரத்துக்குப் பிறகு நான் எதைக் கழற்றப் போகிறேன்?

எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மதுவின் எடை எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு ஃபாக்டரிக்கு வந்தபோது நாங்கள் செய்யும் தராசில் ஏறி நின்றாள். "யார்கிட்டயாவது சொன்னேள்னா தெரியும் சேதி." யாரிடமும் சொல்லவில்லை. எடை, ஸ்பானரின் நீளம், மேலே துருவுக்கும் கொஞ்சம். சின்னதே போதும். மிச்சம்கூட இருக்கிறது.

ஜவஹரிடம் சின்னது என்று சொல்லிவிட்டேன்.

20, புதன்

வந்துவிட்டது. சார்ஜரின் பிளக் சதுரக்கால். நம் ஊர் ஓட்டையில் நுழையவில்லை. அதற்கொரு அடாப்டர் தேடி லஸ் முழுக்க அலைந்தேன். அலைச்சல் பிடித்திருந்தது.

23, சனி

மூன்று நட் கழன்றுவிட்டது. டரரரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையில் ஒன்றுமே தெரியவில்லை. நாலாவதை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பேட்டரி இறங்கிவிட்டது. நட் அப்படியே. கணக்கு சரிதான். எங்கே தப்பு?

நிமிர்ந்தால் டிபன் கேரியரோடு மாமி.

"என்ன மாப்ளே இது, தெருக்கோடி வரைக்கும் கேக்கறது."

கணக்கைச் சொன்னேன். மது ஸ்பானர் மேல் ஏறி நின்றால் இவ்வளவு, இந்த மிஷின் இவ்வளவு.

"நின்னாளா? அவளா? அன்னிக்கு கோவிலுக்குன்னு நானும்தானே வண்டியில இருந்தேன். குதிச்சாளாக்கும்! தங்கு தங்குன்னு. கடைசி ஒண்ணுக்கு, 'அம்மா, நீ எண்ணு'ன்னா. பீச்சுக்குப் போற கூட்டமெல்லாம் நின்னு வேடிக்கை பாத்துது. மானம் போறதுடின்னு திட்டிண்டே எண்ணினேன்."

கணக்கில் நான் அவளை நிற்க வைத்துவிட்டேன். மது எங்கே ஓரிடத்தில் நின்றாள்?

ஸ்பானரை மாட்டி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மாமி கேரியரைக் கீழே வைத்தார்.

"எண்ணட்டுமா?"

மூன்று என்றதும் குதித்தேன். கிறீச் என்று ஒரு சத்தம். நட் விட்டுக்கொடுத்தது. நான் தரையில் கிடந்தேன். விட்டுடுத்து. அவ பிடிச்சது விட்டுடுத்து. ஏண்டி மது, இவ்ளோ இறுக்கிட்டு இப்படிப் போவியாடி — வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாமி பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். இரண்டு பேருமே அழுதோம்.

கொஞ்ச நேரம் கழித்து மாமி, "இதை விக்கத்தான் வேணுமா?" என்றார்.

"நீங்கதானே விக்கச் சொன்னேள்?"

"பாத்துப் பாத்து நீங்க ஒடஞ்சு போறேளேன்னு சொன்னேன்."

"உங்களுக்குத்தான் பாக்க முடியலையோன்னு நான் சரின்னேன்."

கழற்றிய சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வத்தக்குழம்பு சாதம் சாப்பிட்டோம். வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

24, ஞாயிறு

உமர் ஃபாரூக் பாய் என் முகத்தைப் பார்த்ததுமே, "குடுக்க மனசு இல்ல, அதானே? ஒரு போன் போட்டுக்கலாமில்ல நைனா" என்றார். டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

29, வெள்ளி

மாமியை அஷ்டலக்ஷ்மி கோவிலுக்கு அழைத்துப்போய் வந்தேன். பஞ்சர் ஒட்டிய சக்கரத்தைக் காலையில் நானே மாட்டினேன். மூன்று நட்டை ஆபீசிலிருந்து கொண்டுவந்த, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் அளவாக இறுக்கினேன். நாலாவதுக்கு மாமியிடம் எண்ணச் சொன்னேன். மிஷின் ஜவஹரிடம் இருக்கிறது. சும்மா வைத்தால் பேட்டரி செத்துப்போகும் என்று எடுத்துப் போயிருக்கிறான்.

சனிக்கிழமை குதித்த குதிகால் வீங்கியிருக்கிறது. அடையாறு சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது உயிர் போயிற்று. பிப்ரவரிக்கப்புறம் இப்போதுதான் ஏதோ வலிக்கிறது. இறங்கும்போது நொண்டுவதைப் பார்த்துவிட்டு, வாங்கோ, தைலம் தடவித் தரேன், வலி போயிடும் என்றார் மாமி.

இருக்கட்டும் என்றேன்.